கோடியக்கரையில் தங்குவது: முதலில் மாதம், பிறகு அறை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக் கடலை ஒட்டித் தெற்கே இறங்கிவரும் கரை சட்டென்று மேற்கே மடங்கிப் பாக் நீரிணையாகும் முனையில் கோடியக்கரை இருக்கிறது. இரண்டு பக்கம் கடல், வடமேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வேதாரண்யத்துச் சதுப்பு நிலமும் உப்பளங்களும், இவற்றுக்கு நடுவே பாலை மரம் மிகுந்த உலர் பசுமைக் காடு, அந்தக் காட்டைக் கடந்து போனால் மீனவர்கள் வாழும் ஒரு சிற்றூர். 1967-ல் இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமானது. 2002-ல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து இப்பகுதி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அங்கே போய் ஓரிரவு தங்க நினைப்பவருக்கு எந்த மாதம் போவது, எந்த ஊரில் அறை எடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை எளிதில் கிடைப்பதில்லை. வெவ்வேறு பருவங்களில் நான்கு முறை போய், மூன்று இடங்களில் தங்கிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் முறை நவம்பர் கடைசியில் போனேன். பறவைகள் வரும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்றும், அதிலும் நவம்பர், டிசம்பர் மாதங்கள் சிறந்தவை என்றும் எங்கும் எழுதியிருப்பதை நம்பியே அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு யாத்திரைத் தலத்தில், வசதியான அறை, நல்ல சாப்பாடு, குழந்தைகளுக்குச் சூடான வெந்நீர் என்று எல்லாவற்றையும் யோசித்து அறை எடுத்திருந்தோம். அங்கிருந்து காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்பிக் கோடியக்காட்டுச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி பத்தாகிவிட்டது. வானம் இருண்டு கிடந்தது. சதுப்பு நிலம் முழுவதும் மழைநீர் நிரம்பிக் கடல்போல் விரிந்திருந்தது. பூநாரைகள் என்று வழிகாட்டி காட்டிய இடத்தில், தொலைநோக்கியில் பார்த்தபோதும், அடிவானத்தில் ஒரு வெளிர்க் கோடு மட்டுமே தெரிந்தது. மதியத்துக்குள் மழை வலுத்துவிட்டது. மண் பாதையில் வண்டி போகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் யார்மீதும் குறை சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் தேநீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு வயதான மீனவர் எங்கள் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டார். “மழ விட்டு, தண்ணி வத்தி, முழங்காலுக்குக் கீழ எறங்கணும் சார். அப்பத்தான் நாரை கரைக்குக் கிட்ட வரும். தை பொறந்து வாங்க” என்றார். அதற்குப் பிறகு நான் செய்த எல்லாத் திட்டங்களும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்பவையே. பூநாரைக்கு ஆழ நீரில் நீந்தவும் தெரியும். எனினும் அது விரும்புவது ஆழம் குறைந்த உவர் நீரை. கால்களால் சேற்றைக் கிளறி, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது அதன் வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பும்போது அந்த ஆழமும் உவர்ப்பும் மாறிவிடுகின்றன. மழை ஓய்ந்து, வெயிலும் வாடைக் காற்றும் சேர்ந்து நீரை இழுக்கத் தொடங்கியதும், மேய்ச்சல் நிலம் மெல்ல மெல்லச் சாலைப் பக்கம் நகர்ந்து வருகிறது.

நவம்பரைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதைவிடக் கனமான காரணம் ஒன்றும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பகுதியில்தான். நூறாண்டு கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன, வெளிமான்களும் பறவைகளும் ஏராளமாக மடிந்தன, ஊர் பல நாள் இருளில் கிடந்தது. காட்டுக்குள் நடக்கும்போது, சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளையும், அவற்றின் பக்கத்திலிருந்தே மறுபடி துளிர்த்து எழுந்த கிளைகளையும் பார்க்கலாம். ஆண்டுதோறும் புயல் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தோடு, அறைக்கு முன்பணம் கட்டி, விடுப்பெடுத்து வருபவர் வானிலை அறிக்கையை மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய மாதம் அது. பறவை ஆய்வில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவர்களுக்கு அக்டோபர் மட்டும் தனிக் கதை: வடக்கிலிருந்து இறங்கும் ஆறுமணிக் குருவி போன்ற காட்டுப் பறவைகள் அப்போது இந்தக் காட்டில் இளைப்பாறும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வதும், சலீம் அலி இந்த முனைமீது அவ்வளவு அக்கறை காட்டியதும் இந்த வலசையின் பொருட்டே.

இரண்டாவது பயணத்தில் மாதத்தைச் சரியாகப் பிடித்தேன், இடத்தில் மீண்டும் பிழை செய்தேன். ஜனவரிக் கடைசி வாரம், வேதாரண்யத்தில் ஒரு விடுதி. கோடியக்கரையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர்தான், அடிக்கடி இல்லாவிட்டாலும் பேருந்து உண்டு, ஆட்டோவும் கிடைக்கும் என்பதால் இது போதும் என்று கணக்குப் போட்டேன். நான் பார்க்கத் தவறியது நாட்காட்டியை. தை அமாவாசைக்கு முதல் நாள் அது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யத்துக் கடலிலும் கோடியக்கரையிலும் நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். முன்பதிவின்போது சொன்ன வாடகையைப் போல் இரண்டு மடங்கு அந்த விடுதியில் வாங்கினார்கள். காரணம் கேட்டபோது, வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார்கள். அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று இரவே சொல்லியிருந்தும், வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கிய காவலாளியை எழுப்பவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடிந்த பிறகுதான் ஊரைத் தாண்டினோம்.

இப்படிச் சொல்வதால் வேதாரண்யத்தில் தங்கவே கூடாது என்று பொருளில்லை. முதியவர்களோடு வருபவர்களுக்கும், இரவில் மருத்துவமனை, மருந்துக் கடை எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அதுவே ஏற்ற ஊர். ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்று சொல்லப்படும் மறைக்காட்டுக் கோயில் அங்கே இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய அகஸ்தியன்பள்ளி அடுத்த ஊர். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை அகலப் பாதையில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, வந்துசேர்வதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. மீட்டர் பாதைக் காலத்தில் கோடியக்கரை வரைக்குமே தண்டவாளம் இருந்தது. அந்தக் கடைசித் துண்டு திரும்பவில்லை என்பதில் எனக்கு உண்மையில் மகிழ்ச்சியே, காட்டுக்கு அது நல்லது. வேதாரண்யத்தில் தங்குபவர் முன்பதிவின்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: அந்த நாட்களில் வாடகை மாறுமா, விடியற்காலையில் கதவைத் திறப்பார்களா.

மூன்றாவது பயணத்தில்தான் கோடியக்கரைக்கு உள்ளேயே தங்கினேன். பிப்ரவரி இரண்டாம் வாரம், வார நாள், வனத்துறையின் பூநாரை இல்லம். இதற்கு நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் வழியாக முன்னதாகவே கேட்டு, அறை உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நேரே போய் நின்று அறை கேட்கும் இடமன்று. அறை எளிமையானது. கட்டில், மெத்தை, மின்விசிறி, குளியலறை, வெளியே உட்கார ஒரு மாடம்: இவற்றுக்கு மேல் எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. குழாயில் வரும் நீர் சற்று உவர்ப்பாக இருக்கும், சோப்பு எளிதில் நுரைக்காது, குளித்து முடித்த பிறகும் தோலில் ஒரு பிசுபிசுப்பு தங்கிவிடும். ஜன்னல் கொண்டியைக் கடற்காற்றின் உப்பு அரித்து வைத்திருந்ததால் அதை மூட இரண்டு கைகளும் தேவைப்பட்டன. குடிநீரைக் கேனாகவே வேதாரண்யத்தில் வாங்கி வந்திருந்தோம், அது நல்லதாயிற்று. கொசுவர்த்தியும் கைவிளக்கும் கட்டாயம் வேண்டும். உணவுக்கு முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பசித்த பிறகு தேடினால் அந்த நேரத்தில் ஊரில் கடை எதுவும் திறந்திருக்காது.

இவ்வளவு குறைகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, எனக்கு அதுவே முதல் தெரிவு என்று சொல்லக் காரணம் விடியற்காலை. சரணாலயத்துக்குள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை அனுமதிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் கிடைப்பது பத்திலிருந்து நான்கு வரையிலான நேரம். விலங்குகள் நிழலில் படுத்துவிடும், கானல் எழுந்து தொலைவிலுள்ள பறவைகள் எல்லாம் நெளிந்து தெரியும் நேரம் அது. ஊருக்குள் தங்கியவருக்குக் கிடைப்பது ஆறிலிருந்து எட்டரை வரையும், நான்கரையிலிருந்து ஆறு வரையுமான பொழுது. நாங்கள் புல்வெளியை அடைந்தபோது வெயில் தரையைத் தொட்டிருக்கவில்லை. புல் நுனியெல்லாம் பனி. வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிய திசையில், ஐம்பதடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வெளிமான் கிடா நின்றிருந்தது. மேலுடல் நல்ல கருமை, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி மை தீட்டியதற்கு நேர்மாறாக ஒரு வெண்வளையம். முறுக்கிய கொம்புகள் முதுகைத் தொடும்படி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை வானுக்கு நிமிர்த்தி, பெட்டைகளைச் சுற்றி மெல்ல நடை போட்டது. அதன் மூச்சு வெண்புகையாய் எழுந்து கலைந்ததைத் தொலைநோக்கி இல்லாமலே கண்டேன். எட்டு மணிக்கு வெளியூர் வாகனங்கள் ஒன்றிரண்டு வரத் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் துள்ளித் துள்ளிப் புதருக்குள் மறைந்துவிட்டது. அன்று பகல் முழுவதும் அந்தப் புல்வெளி வெறுமையாகவே கிடந்தது. பதினொரு மணிக்கு வந்த ஒரு குடும்பத்தினர், இங்கே மானே இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே திரும்பினார்கள்.

அன்று மாலை சதுப்பு நிலக் கரையில் அந்த மீனவர் சொன்னதன் பொருளைக் கண்ணால் பார்த்தேன். பூநாரைகள் நூற்றுக்கணக்கில், முகம் தெரியும் தூரத்தில் மேய்ந்தன. நின்றிருக்கும்போது அழுக்கு வெள்ளையாகத் தெரிந்த பறவை, சிறகை விரித்த கணத்தில் உள்ளிருந்து செம்மை வெளிப்பட்டது. கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை ஆகியவற்றை அடையாளம் காண்பது எளிது. சேற்றோரம் ஓடித் திரிந்த உள்ளான்களிலும் உப்புக்கொத்திகளிலும் எது எந்த இனம் என்று பிரித்தறிய எனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை. இரவில் நரிகள் ஊளையிட்டன. ஊர் அடங்கிய பிறகு அலையோசையும் அந்த ஊளையும் மட்டுமே கேட்டன. சுந்தரர் தேவாரம் பெற்ற குழகர் கோயில் இங்கே இருக்கிறது. கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று தனித்து இருக்கிறீர் என அவர் இறைவனைப் பார்த்துக் கேட்டது ஏன் என்பது, அந்த மாடத்தில் ஓரிரவு உட்கார்ந்தால் விளங்கும்.

நான்காவது பயணம் ஜூனில், வேறு வேலையாகப் போனபோது ஒரு நாள் மட்டும். பறவைக் கூட்டம் இல்லை, சதுப்பு வெடித்துக் கிடந்தது, கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்தது. ஆனால் கோடையில் காட்டுக்குள் நீர் குறைவதால், தண்ணீர்த் தொட்டிகளின் பக்கம் மான்களும் மட்டக் குதிரைகளும் கூடுகின்றன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விலங்குகளைப் பார்ப்பதற்கு ஏற்ற காலம் என்று வனத்துறையினர் சொல்வது சரிதான். பாலைப் பழம் கிடைக்கும் பருவமும் அதுவே. மஞ்சளாய், விரல் நுனி அளவில், வாயில் போட்டால் உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழத்தைச் சாலையோரம் படிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் வாங்கித் தின்றோம். விலங்குகளுக்காக மட்டும் வருபவர் மார்ச் முதல் பாதியில் வரட்டும் என்பது என் கருத்து. வெயில் இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கும், கடைசியாகக் கிளம்பும் பறவைகளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மே மாத விடுமுறையில் குழந்தைகளை அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உணவைப் பற்றி ஒரு குறிப்பு சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் மாதத்தைப் பொறுத்ததே. அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம். பிற ஊர் மீனவர்களும் வந்து கொட்டகை போட்டுத் தங்கி, படகுகளைக் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். காலையில் படகுத் துறைக்குப் போனால் காலா, வாவல், நீலக்கால் நண்டு என்று குவியல் குவியலாக ஏலம் போவதைப் பார்க்கலாம். சமைத்துத் தர ஒப்புக்கொள்ளும் ஒரு வீட்டையோ உணவுக் கடையையோ பிடித்துவிட்டால், எந்தப் பெரிய உணவகத்திலும் கிடைக்காத மீன் குழம்பு கிடைக்கும். வேதாரண்யத்து உப்பையும் புளியையும் தாராளமாகப் போட்டு வைத்த நண்டுக் குழம்பை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த நாட்களில் மீனுக்கு இவ்வளவு தாராளம் இராது.

கடலில் குளிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இங்கே வராதீர்கள். இந்தக் கரையில் சேறு ஒதுங்கும், சில நாட்களில் கால் புதையும். அலையாடும் மணற்கரை வேண்டுபவருக்கு இது ஏற்ற ஊர் இல்லை. பழைய சோழர் காலக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வருபவர்களும் அறிந்துகொண்டு வர வேண்டும்: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அது சரிந்துவிட்டது, இப்போது இருப்பது செங்கல் சிதைவு. ராமர் பாதம் இருக்கும் மேட்டின் மேல் ஏறினால் காடு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். காட்டுச் சாலையில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது எனக்கு. பழக்கப்பட்ட குரங்குகள் சாலையிலேயே காத்திருந்து வண்டிகளில் அடிபடுகின்றன. நெகிழி உறைகளை மான்கள் மெல்வதையும் நேரில் பார்த்தேன்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை அமாவாசை எந்த நாளில் விழுகிறது என்று பார்த்து அதை விட்டு விலகி, பிப்ரவரியில் இரண்டு இரவுகளை வார நாட்களில் ஒதுக்குங்கள். ஓரிரவு போதாது; முதல் நாள் மாலை சதுப்புக்கும், மறுநாள் காலை புல்வெளிக்கும் போய்விடும், மழையோ மூடுபனியோ ஒரு பொழுதைத் தின்றுவிட்டால் இரண்டாவது காலை கைகொடுக்கும். அறை கோடியக்கரையிலேயே கிடைத்தால் வசதிக் குறைவைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே தங்குங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கி, விடியுமுன் வந்து நிற்க ஒரு ஆட்டோக்காரரிடம் முதல் நாளே பேசி வையுங்கள். அதற்கும் அப்பாலுள்ள ஊர்களில் தங்கி வருவதென்றால், மதிய வெயிலில் ஒரு காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகவே முடியும்.

நாங்கள் அடுத்த முறை மார்ச் முதல் வாரத்தில் போகிறோம். ஜனவரி முதல் கடலாமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும்; வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதை மகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதற்காக இப்போதே அறை கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.